லுபாக் வீடுகளின் வாசல்தோறும் முப்பத்தோர் ஆண்டு நடந்த மனாங் ஓசிங் அவர்களுக்கு

கடலும் களிமண்ணும் கைகோத்துக் கிடக்கும் கபிஸ் மாகாணத்தில், ரோஹாஸ் நகரின் நரம்பு நோய் ஆய்வு நிலையத்தில், களச் செவிலியாக அடியெடுத்து வைத்து, மூளைக்கொடைப் பிரிவின் பொறுப்பாளராக உயர்ந்து, அகவை அறுபத்தைந்து நிறைந்து இன்று பணி ஓய்வு பெறும் செல்வி யூஃப்ரோசினா தெக்லாரோ அவர்களே! மூத்தவளே என்று பொருள்பட ஊரெல்லாம் 'மனாங் ஓசிங்' என வாய்நிறைய அழைக்கும் எங்கள் உடன்பிறவாச் சகோதரியே! உங்கள் திருமுன், உங்களோடு உழைத்த நாங்கள் உவந்து வாசிக்கும் மடல் இது.

சேற்றில் செருப்பை விட்டாலும் சொன்ன சொல்லை விடாத செம்மையே! சாத்திய கதவின் முன் சலிக்காமல் நின்ற சால்பே! எவரும் கேட்க அஞ்சும் கேள்வியை, எவர் மனமும் நோகாமல் கேட்கத் தெரிந்த நெஞ்சுரமே! வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பை நிலையத் தலைவர் டாக்டர் அமிஸ்தோசோ என் தலையில் கட்டினார். "நீயே எழுது சென்சியோ. நாங்க எல்லாம் அந்தம்மா பேசினதத்தான் கேட்டிருக்கோம். முப்பது வருஷமா உன் வண்டியில உக்காந்து அவங்க பேசாம இருந்ததையும் நீதான் பாத்திருக்க" என்றார். ஆகவே, எழுதும் கை ஓட்டுநர் க்ரெசென்சியோவுடையது. பேசும் நெஞ்சு நிலையத்தார் அனைவருடையது. பிழையிருந்தால் கைக்கு, பெருமையிருந்தால் நெஞ்சுக்கு.

லுபாக் என்றால் என்ன என்று இந்த அவைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குடும்பம் தாங்கும் ஆண்மகனை முப்பத்தைந்திலும் நாற்பதிலும் பிடித்து, கழுத்தைத் திருகி, தாடையைப் பிளந்து, காலோடு காலைப் பின்னி, பத்தாண்டுக்குள் பாயில் கிடத்தும் நோய். தாயின் வழியே வந்து மகனைத் தின்னும் நோய். உலகில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு நம் பனாய்த் தீவைத் தேடிப் பிடித்த நோய். அதன் பெயரை உரக்கச் சொன்னால் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வராது என்று சன்னலைச் சாத்திய காலத்தில்தான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்கில், இரண்டே அறையுடன் தொடங்கிய இந்நிலையத்துக்கு நீங்கள் வந்தீர்கள். மறு ஆண்டு, பக்கப்பெட்டி பொருத்திய ஒரு பழைய மோட்டார்சைக்கிளோடு நான் வந்தேன்.

முதல் நாளே இவிசானுக்குப் போனோம். சிப்பி வளர்க்கும் மூங்கில் கழிகளுக்கு நடுவே பாஸ்குவால் பெரெபெரின் வீடு. நாற்பத்தொரு வயது. வாய் மூடாது. சுருட்டிய துண்டொன்றைப் பற்களுக்கிடையே வைத்தால் மட்டும், என்ன மாயமோ, தாடை அடங்கும். நம்மைக் கண்டதும் துண்டை எடுத்தார். வார்த்தைகள் வழுக்கி வழுக்கி வந்தாலும் கோபம் வழுக்கவில்லை.

"போன தடவ வந்தவன் வெள்ளக்காரன். என் ரத்தத்த எடுத்தான், என் தம்பி ரத்தத்த எடுத்தான். எங்க வீட்டு நாய் ஒண்ணுதான் தப்பிச்சுது. தம்பி செத்து நாலு வருஷமாச்சு. அந்த ரத்தம் என்ன சொல்லுச்சுன்னு ஒரு காயிதம் உண்டா?"

"இல்லண்ணே. உண்டுன்னு சொன்னா பொய்" என்றீர்கள்.

"அப்ப நீ எதுக்கு வந்த?"

"இன்னிக்கு ஒண்ணும் எடுக்க வரல. மூணு மாசத்துக்கு ஒருக்கா வருவேன். என்ன தெரிஞ்சுதோ அதச் சொல்லுவேன். ஒண்ணும் தெரியலன்னா, ஒண்ணும் தெரியலன்னு சொல்லுவேன்."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி பிலோமினா சிரித்தார். "ஒண்ணும் தெரியாததச் சொல்ல இம்புட்டுத் தூரம் வரணுமா? எங்க ஊரு கவுன்சிலரு அத வீட்ல உக்காந்தே செய்யறாரே!"

மூன்று மாதம் கழித்துப் போனோம். "ஒண்ணும் தெரியலண்ணே" என்றீர்கள். அடுத்த மூன்று மாதம் கழித்துப் பெருமழையில், வண்டியைச் சேற்றில் விட்டுவிட்டு முழங்கால் நனைய நடந்து போய், "இன்னும் ஒண்ணும் தெரியலண்ணே" என்றீர்கள். பாஸ்குவால் துண்டை எடுத்துவிட்டு உங்களையே பார்த்தார். "அடிப்பாவி, நெசமாவே வந்துட்டா பாரு" என்றார். ஐந்தாம் முறை, நீங்கள் கேட்காமலே சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார்.

வெறுங்கையோடு திரும்பிப் போவதற்கு வேண்டிய வீரம், வெற்றியோடு போவதற்கு வேண்டியதைவிடப் பெரிது என்பதை நாங்கள் அன்று கற்றோம்.

நோயைத் தேடிப் போன நீங்கள், நோயோடு மனிதர்கள் நடத்தும் சண்டையையும் குறித்துக்கொண்டீர்கள். முன்னோக்கி நான்கடி வைக்க முடியாத ஒருவர் பின்னோக்கி நடந்தால் தடுமாறுவதில்லை. நடக்க முடியாத இன்னொருவர், பாட்டுப் போட்டால் மனைவியின் கையைப் பிடித்து ஆடிவிடுகிறார். ஒரு விரலால் மோவாயைத் தொட்டால் ஒருவருக்குக் கழுத்து நிமிர்கிறது. வீடுவீடாகக் கேட்டு, இத்தகைய உத்திகளை உங்கள் கோடுபோட்ட நோட்டில் எண்பத்தேழு வரை எழுதினீர்கள். இது நாட்டுப்புறக் கதை என்று ஒதுக்கிய வெளியூர் வல்லுநர் ஒருவரிடம் அந்த நோட்டை நீட்டி, "ஒரு வழி அடைச்சா மூளை வேற வழி தேடுதுங்க. தேடத் தெரிஞ்சதுக்குக் கத்துக்கவும் தெரியும். நாம சொல்லிக் குடுக்கத்தான் இன்னும் கத்துக்கல" என்றீர்கள். அவர் அந்த நோட்டை நகலெடுக்க இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினார்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்ல வேண்டாம் என்று நேற்று மாலை வரை என்னைத் தடுத்தீர்கள். பொறுத்தருளுங்கள், மனாங். அதைச் சொல்லாத மடல் உங்களுக்குரிய மடல் ஆகாது.

தொண்ணூற்றெட்டில் டாக்டர் அமிஸ்தோசோ எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். இரத்தம் ஓரளவுதான் பேசும். மூளைக்குள் எந்த இடம், எந்த வரிசையில் அழிகிறது என்பதை அந்த மூளையே காட்டினால்தான் உண்டு. இறந்தபின், சில மணி நேரத்துக்குள், குடும்பத்தார் மனமொப்பித் தர வேண்டும். அதைக் கேட்கும் பொறுப்பு உங்களுடையதாயிற்று. இருபத்துமூன்று வீடுகளில் கேட்டீர்கள். இருபத்துமூன்று வீடுகளிலும் இல்லை என்றார்கள். இருபத்துமூன்றாவது வீடு பாஸ்குவாலுடையது.

"பனிதான் ஊர்ல அன்செல்மோன்னு ஒருத்தன் கள்ளு எறக்கிட்டிருந்தானே, அவன் உன் கூடப் பொறந்த அண்ணன்தானே?" என்று கேட்டார் பாஸ்குவால். "அவனுக்கும் இதே நோவுதானே? அவன் தலைய நீ குடுப்பியா? மொதல்ல அதச் சொல்லு, அப்புறம் என் தலைக்கு வா."

நீங்கள் எழுந்து வண்டியில் ஏறினீர்கள். ரோஹாஸ் வரும் வழியெல்லாம் பேசவில்லை. நகர எல்லையில் என் தோளைத் தட்டி, "வண்டியத் திருப்பு, பனிதான் போலாம்" என்றீர்கள்.

உங்கள் அண்ணன் அன்செல்மோ சாய்நாற்காலியில் கட்டப்பட்டிருந்தார். கழுத்து வான் நோக்கித் திருகியிருந்தது. "இருவது வருஷம் தென்னய அண்ணாந்து பாத்தே பொழச்சேன். இப்ப எறங்க மாட்டேங்குது" என்று வருவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பவர். நீங்கள் சுற்றி வளைக்கவில்லை. நேராகக் கேட்டீர்கள். அவர் நெடுநேரம் கூரையைப் பார்த்திருந்தார். வேறெங்கும் பார்க்க அவருக்கு வழியுமில்லை.

"நான் இருக்கும்போது இந்தத் தல என் பேச்சக் கேக்கவே இல்ல, ஓசிங். செத்த பிறகாவது டாக்டர் பேச்சக் கேக்கட்டும். எடுத்துக்கோ."

ஆனால் அறை வாசலில் உங்கள் தாயார் தெயோபிலா அம்மையார் நின்றிருந்தார்.

"முழுசாப் பொறந்தான். முழுசாத்தான் மண்ணுக்குப் போவான்" என்றார். "ஏற்கெனவே என் வழியா வந்த நோவுன்னு ஊரே சொல்லுது. இப்ப அவன் தலையவும் நான் வாரிக் குடுக்கணுமா?"

"நீங்க வேண்டாம்னா வேண்டாம்தாம்மா. உங்க வாக்கத் தாண்ட மாட்டேன்" என்றீர்கள்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில், நுரையீரலில் சளி கட்டி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அன்செல்மோ காலமானார். வயது நாற்பத்தைந்து. எட்டு மணிக்கு நான் நிலையத்தின் வேனோடு பனிதானில் இருந்தேன். ஊரார் வந்தார்கள், சவப்பெட்டி வந்தது, பிரார்த்தனை தொடங்கியது. நீங்கள் அண்ணனின் காலடியில் உட்கார்ந்திருந்தீர்கள். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். மணி ஒன்பதாயிற்று. பத்தாயிற்று. மாலை ஆறைத் தாண்டினால் பயனில்லை என்பது அந்த வீட்டில் உங்களுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். ஒருமுறை உங்களிடம் வந்து, "அம்மாகிட்ட இன்னொரு தடவ கேட்டுப் பாருங்களேன்" என்றேன். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தீர்கள்.

நண்பகல் தாண்டியபின் அம்மாவே எழுந்து வந்தார். உங்கள் முன் நின்றார்.

"எத்தன மணிக்குள்ள வேணும்?"

"ஆறுக்குள்ளம்மா."

"காலையிலேருந்து உக்காந்திருக்கியே, ஏன் வாயத் தொறக்கல?"

"ஒரு தடவ கேட்டேன், பதில் சொன்னீங்க. துக்கத்துல இருக்கறப்ப ரெண்டாந்தடவ கேட்டா அது கேக்கறது இல்லம்மா, புடுங்கறது."

அம்மா மகனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே, பல ஆண்டுகளுக்குப் பிறகு, கழுத்து திருகலின்றி நேராகக் கிடந்தது.

"மூஞ்சி மாறாதுல்ல?"

"மாறாது. நானே பக்கத்துல நிப்பேன்."

"அப்பக் கூட்டிட்டுப் போ. ஆனா ஒண்ணு. பாஸ்குவால் வீட்டுக்குப் போய்ப் போய்ச் சொல்றியாமே, அதுமாதிரி என்கிட்டயும் வந்து சொல்லணும். அவன் தலையில என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

உறுதியின் உருவே! அன்று பிற்பகல் மருத்துவமனைப் பிணவறையில், முதல் வெட்டிலிருந்து கடைசித் தையல் வரை அண்ணனின் பக்கத்தில் நின்றீர்கள். முடிந்ததும் நீங்களே வெந்நீர் வாங்கி அவர் தலைமுடியை அலசி, தையல் தெரியாதபடி முன்வாக்கில் வாரிவிட்டீர்கள். நான்கு மணிக்கெல்லாம் வீட்டுக்கூடத்தில் மெழுகுவர்த்திகளுக்கு நடுவே அவர் திரும்பி வந்திருந்தார். வழியில் ஒரே ஒரு சொல் சொன்னீர்கள்: "மெதுவாப் போ, சென்சியோ." அவருக்கு இனி எந்தக் குலுக்கலும் வலிக்காது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மெதுவாகத்தான் ஓட்டினேன்.

ஒன்பது நாள் பிரார்த்தனை முடிந்த மறுநாள் இவிசான் போனோம். செய்தி நமக்கு முன்பே போய்விட்டிருந்தது. பாஸ்குவால் எதுவும் கேட்கவில்லை. "காயிதத்தக் குடு" என்றார். அந்தக் கை, எழுதுகோலைப் பிடித்தால் தோள்வரை முறுக்கிக்கொள்ளும் கை. உதவ வந்த மனைவியை விலக்கினார். கைநாட்டு போதும் என்றபோது, "நான் பள்ளிக்கூடம் போனவன்" என்றார். தன் பெயரையும் குடும்பப் பெயரையும் எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நீங்கள் இம்மியும் அவசரப்படுத்தவில்லை. இல்லை என்ற இருபத்துமூன்று வீடுகளில் பதினேழு அந்த ஆண்டுக்குள் சரி என்றன.

பாஸ்குவால் இரண்டாயிரத்து நான்கில் காலமானார்; எழுதிக் கொடுத்தபடியே தம்மைத் தந்தார்.

பெரும்புயல் அடித்த இரண்டாயிரத்துப் பதின்மூன்றை இங்குள்ளோர் எவரும் மறக்க மாட்டோம். நம் உறைபெட்டிகளில் அன்று இருபத்தொரு பேரின் மூளைகள் இருந்தன. மின்சாரம் போயிற்று. மின்னாக்கிக்கு டீசல் இரண்டே நாளுக்கு இருந்தது. எந்த எரிபொருள் நிலையமும் திறக்கவில்லை. உங்கள் வீட்டுக் கூரை பக்கத்துத் தெருவில் கிடந்தது. நீங்களோ நிலையத்தை விட்டு அசையவில்லை. "இருவது வீட்டு வாக்கு இது, கெட்டுப்போச்சுன்னு போய் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இருபத்தொன்றாவது உங்கள் சொந்த வீட்டு வாக்கு என்பதை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி ஒரு பெண் நடந்து வந்தார். இரண்டு கைகளிலும் இரண்டு கேன்கள். பிலோமினா. அவர்களுடைய சிப்பிக் கழிகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கரையில் உடைந்து கிடந்த மீன்பிடிப் படகின் தொட்டியிலிருந்து, உரிமையாளரிடம் கேட்டு வடித்த டீசல்.

"அக்கா, உங்க வீடு?" என்று நான் கேட்டேன்.

"வீடா? பறந்துருச்சு. கூரையப் பின்னால பாத்துக்கலாம். எங்க வீட்டுக்காரர் இங்கதான இருக்காரு? அவருக்குக் குளிரு போயிறக் கூடாது." கேனைக் கீழே வைத்து மூச்சு வாங்கினார். "உசுரோட இருந்தப்ப ஒரு மின்விசிறிக்கே தெனம் என்கூடச் சண்ட. இப்பப் பாரு, தனியா ஒரு குளிரறையே வேணுமாம்."

நீங்கள் சிரித்தீர்கள், சிரித்துக்கொண்டே அந்த அம்மையாரின் தோளில் சாய்ந்து, நாங்கள் அறிந்தவரை முதல் முறையாக, எல்லார் முன்பும் அழுதீர்கள். பிலோமினாவின் பின்னால் பனிதானிலிருந்தும், பனாய் ஊரிலிருந்தும், கரையோரம் முழுவதிலிருந்தும் லுபாக் வீட்டார் வந்தார்கள். பாட்டிலில், குடத்தில், எண்ணெய் டப்பாவில் கொண்டுவந்து ஊற்றினார்கள். பதினோரு நாள் மின்னாக்கி நிற்கவில்லை. ஒரு மூளையும் கெடவில்லை.

அந்த இருபத்தொருவரும், அவர்களுக்குப் பின் வந்தோரும், நூற்றுக்கணக்கானோரின் இரத்தமும் சேர்ந்து பேசித்தான், கடல் கடந்த ஆய்வகம் ஒன்றில் விடை கிடைத்தது. தாய்வழி வரும் மரபெழுத்தில், ஒரே ஓர் இடத்தில், வேண்டாத ஒரு துண்டு வந்து செருகிக்கொண்டிருக்கிறது. அதுதான் லுபாக். செய்தி நாளேட்டில் வருமுன் நம் வீடுகளுக்குப் போக வேண்டும் என்றீர்கள். ஐந்து மாதம், இருநூற்றுப் பதினான்கு வீடுகள். விடை கேட்டவர் இறந்துபோன வீட்டிலும் நுழைந்து, சுவரில் தொங்கும் படத்துக்கு முன் நின்று, பிள்ளைகளிடம் சொன்னீர்கள். மருந்து இன்னும் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள்.

பனிதானில் உங்கள் தாயார் எண்பத்துநான்கு வயதில் அதைக் கேட்டார். அந்தத் துண்டு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன் ஒரே ஒருவரிடம் தோன்றி, இந்தத் தீவெங்கும் பரவியிருக்கலாம் என்று பொறுமையாக விளக்கினீர்கள்.

"அப்ப நான் செஞ்ச பாவம் இல்லயா?"

"இல்லம்மா."

"என் அம்மா செஞ்சதும் இல்லயா?"

"யார் செஞ்சதும் இல்லம்மா. எழுத்துப் பிழை மாதிரி."

"மொதமொதல்ல இது வந்துச்சே ஒருத்திக்கு, அவளும் பாவம். தெரிஞ்சா புள்ளைக்குக் குடுத்திருப்பா?" என்றார் அம்மையார். இருபதாண்டுகள் அவர் தூக்கிச் சுமந்த பாரத்தை இறக்கி வைத்ததை நாங்கள் கண்ணால் கண்டோம். ஆய்விதழ்கள் அச்சிட்டதைவிட அது எங்களுக்குப் பெரிய வெளியீடு.

அண்மைக் காலத்தையும் சொல்ல வேண்டும். பாஸ்குவாலின் தங்கை மகன் எலிசியோவை முப்பத்துநான்கு வயதில் நோய் பிடித்தபோது, மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து மின்துடிப்பு கொடுக்கும் சிகிச்சைக்கு மணிலாவுக்கு அழைத்துப் போனீர்கள். அறுவைக்குப் பின்னர்தான் உண்மையான வேலை என்று சொல்லி, இரண்டு ஆண்டுகள் தினமும் அவரை நடக்க வைத்தீர்கள். உங்கள் பழைய நோட்டிலிருந்து ஒவ்வோர் உத்தியாக எடுத்து, தரையில் கோடு போட்டு, தாளம் தட்டி, திட்டி, கெஞ்சி. "மனாங், மெஷின் வச்சது டாக்டர், ஆனா ஷாக் குடுக்கறது நீங்கதான்" என்பார் எலிசியோ. இன்று இந்த அரங்கின் நாற்காலிகள் அத்தனையையும் தோளில் சுமந்து வந்து போட்டவர் அவர்தான்.

அஞ்சாத அறிவே! அயராத அன்பே! எல்லாருக்கும் இது வாய்க்கவில்லை என்பதையும், சிகிச்சை எட்டாத வீடுகள் இன்னும் ஏராளம் என்பதையும் நாங்கள் மறக்கவில்லை. நீங்கள் விட்டுச் செல்லும் பெயர்ப்பட்டியலில் அத்தகைய முப்பத்தெட்டு வீடுகள் இருக்கின்றன. புதிய செவிலி கிளாரிபெலும் நானும் வரும் திங்கட்கிழமையே அவற்றில் முதல் வீட்டுக்குப் புறப்படுகிறோம். உங்களிடம் வழி கேட்க மாட்டோம். அது எங்களுக்கு வைராக்கியம்.

சென்ற வெள்ளிக்கிழமை, கடைசியாக என் வண்டியில் வீடு திரும்பியபோது, இறங்குமுன் ஒரு படிவத்தை என் முன் வைத்தீர்கள். கொடையாளர் பெயர்: யூஃப்ரோசினா தெக்லாரோ. நான் திகைத்தேன்.

"உங்களுக்குத்தான் நோய் இல்லையே, மனாங்?"

"அந்தத் துண்டு எனக்குள்ளயும் இருக்குப்பா, பரிசோதனையில தெரிஞ்சுது. அண்ணன அழிச்சது என்ன ஏன் விட்டுச்சு? அத என் தல சொல்லும்ல?" பிறகு வண்டிக் கதவில் கை வைத்தபடி, "அன்னிக்கு நீதான் வண்டி எடுத்துட்டு வரணும், சென்சியோ. சீக்கிரமா வா. ஆனா ரொம்பச் சீக்கிரமா வந்துறாத" என்றீர்கள்.

படிவத்தை அடுக்கில் சேர்த்துவிட்டோம், மனாங். எங்கள் வேண்டுதல் இதுதான்: அந்தத் தாள் அங்கேயே கிடந்து பழுக்கட்டும். அதன் மை வெளுக்கட்டும், ஓரம் உதிரட்டும், ஒருநாள் அதைப் படிக்கவே முடியாமல் போகட்டும். அப்போது நாங்கள் புதுப் படிவம் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்து, நடுக்கமில்லாத உங்கள் கையால் மறுபடி ஒரு கையெழுத்து வாங்கிப் போவோம். அதுவும் வெளுத்தால், இன்னொன்று.

இங்ஙனம்,
உங்களோடு நடந்து, உங்களால் நிமிர்ந்த
நரம்பு நோய் ஆய்வு நிலையத்தார் அனைவரும்
ரோஹாஸ் நகரம், கபிஸ்